தலைவாசல் இல்லாத வீடு

ஒரு வீட்டின் முகம் அதன் தலைவாசலே என்பது நம்மவர் கொள்கை. வாசலுக்கு நிலை வைப்பதற்கு நாள் பார்க்கின்றோம். நன்மை தீமை எதுவாயினும் அதன் அடையாளத்தை முதலில் வாசலிலேதான் வைக்கின்றோம். வழிப்போக்கரும் வெயிலுக்கு ஒதுங்கட்டும் என்று சங்கடப்படலை அமைத்து வாழ்ந்த யாழ்ப்பாணத்து முதியோருக்கு, வீதியை நோக்கி வாசலே இல்லாத ஒரு வீடு அமங்கலமாகத் தோன்றியிருக்கும். அத்தகைய வீடொன்றை நான் கண்டேன். அமெரிக்காவில் மேற்படிப்பு மேற்கொண்டிருந்த காலத்தில், ஒரு விடுமுறையின்போது, மிசிசிப்பி மாநிலத்தின் தலைநகரான ஜக்சனுக்குச் சென்று, மெட்கர் எவர்ஸ் வாழ்ந்த இல்லத்தைப் பார்த்தேன்.

மார்ட்டின் லூதர் கிங்கை அறிந்த அளவுக்கு நம்மவர் எவர்ஸை அறியார். 1925 இல் மிசிசிப்பியிலே பிறந்த அவர், இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியக் களத்தில் சேவை புரிந்தவர். ஊர் திரும்பிய அவர் 1946 இல் வாக்களிக்கச் சென்றபோது, ஆயுதந் தாங்கிய வெள்ளையர் அவரையும் தோழர்களையும் வழிமறித்தனர். எந்த நாட்டுக்காகப் போராடினாரோ அந்த நாட்டிலே வாக்குச் சாவடியை அணுகவும் அவருக்கு உரிமை இருக்கவில்லை. 1954 இல் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சட்டபீடத்துக்கு விண்ணப்பித்தார், அனுமதி மறுக்கப்பட்டது. அதே ஆண்டிலே கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கத்தின் முதலாவது மிசிசிப்பிக் களச் செயலாளராக நியமனம் பெற்றார். பதினான்கு வயதுச் சிறுவன் எமெற் ரில் 1955 இல் கொலையுண்டபோது சாட்சிகளைத் தேடி அலைந்தவர்களுள் அவரும் ஒருவர். தமக்கு மூடப்பட்ட அதே பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரடித் 1962 இல் நுழைவதற்குத் துணை நின்றவரும் அவரே.

அவருடைய வீடு சிறியது. ஒரே தளம் கொண்டது. அதே வீதியில் வாழ்ந்த கவிஞரான மார்கரெட் வோக்கர் அலெக்சாண்டரின் பெயரை இன்று அவ்வீதி தாங்கி நிற்கின்றது. போருக்குப் பின்னர் நடுத்தர வருவாயுடைய கறுப்பினக் குடும்பங்களுக்கென அமைக்கப்பட்ட குடியிருப்பு அது. அண்டை வீடுகளின் கதவுகள் யாவும் வீதியைப் பார்த்தபடி இருக்க, இந்த வீட்டின் முன்புறத்தில் மட்டும் கதவு இல்லை. பக்கத்திலுள்ள கார்க் கொட்டகைக்குள் நுழைந்தே வீட்டினுள் செல்லவேண்டும். 1956 இல் இங்கு குடிவந்த எவர்ஸும் அவர் துணைவியார் மேர்லியும் கேட்டுக்கொண்டபடியே வீடு அவ்வாறு கட்டப்பட்டது என்றார் வழிகாட்டியாக வந்தவர். முன்கதவைத் திறந்து நிற்பவர் வீதியிற் செல்லும் எவருக்கும் இலக்காவார் அல்லவா?

உள்ளே சென்ற பின்னர் கண்ட ஒவ்வொன்றும் அதே கணக்கைச் சொல்லிற்று. யன்னல்கள் வழக்கத்துக்கு மாறாக உயரத்தில் இருந்தன. பிள்ளைகளின் மெத்தைகள் கட்டிலின்றித் தரையோடு கிடந்தன. யன்னலூடாக வரும் சன்னம் உறங்கும் பிள்ளைகளுக்கு மேலாகச் செல்லவேண்டும் என்பதே நோக்கம். வெடியோசை கேட்டதும் தரையில் வீழ்ந்து, தவழ்ந்து, குளியலறைத் தொட்டியைச் சென்றடையவேண்டும் என அப்பிள்ளைகள் பழக்கப்பட்டிருந்தார்கள்.

இவ்வறையில் நின்றபோதுதான் என் தந்தையாரின் நினைவு வந்தது. 1990 இல் யாழ்ப்பாணத்தில் குண்டுவீச்சுத் தொடங்கிய நாட்களில், அவர் எங்கள் வீட்டு முன்னறை யன்னலைப் பலகை வைத்து ஆணி அடித்து மூடினார். முற்றத்து மாமரத்தின் கீழ் பதுங்கு குழி வெட்டினார். நடு அறையிலே, சுவரோரமாக, எங்களைப் பாயில் படுக்கவைத்தார். குழிக்குள் எத்தனை எண்ணிக்கைக்குள் இறங்குகின்றோம் என்று பகலிலே பார்த்து வைத்தார். எனக்கு அப்போது பதினைந்து வயது. பெருந்தலைவர்களின் வரலாறுகளைப் படித்து, அச்சமறியாமையே வீரம் என்று நம்பியிருந்தேன். எண்ணிக்கை பார்த்துக்கொண்டிருந்த தந்தையாரிடம் ஒரு நாள், இவ்வளவு பயந்து வாழ்வதிலும் சாவது மேல் என்று சொல்லிவிட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. மறுபடியும் எங்களை வரிசையில் நிறுத்தினார்.

எவர்ஸின் வீட்டில், அச்சமின்மைக்கு உதாரணமாக நான் தேடிச் சென்ற மனிதர், என் தந்தையார் போட்ட அதே கணக்கைப் போட்டிருக்கக் கண்டேன். ஆபத்தை அறியாமல் அவர் களத்தில் நிற்கவில்லை. அறிந்து, அளந்து, வீட்டை அதற்கேற்ப அமைத்துக்கொண்டே மறுநாட் காலையில் வேலைக்குப் புறப்பட்டார். அந்தக் கணக்கில் மனைவியும் சரிபாதி சுமந்தார். 1963 மே மாதத்தில் கார்க் கொட்டகைக்குள் எரிகுண்டு வீசப்பட்டபோது, தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயினால் அதை அணைத்தவர் மேர்லியே.

அவ்வாண்டு யூன் 11 ஆந் திகதி இரவு, குடிசார் உரிமைகள் குறித்து சனாதிபதி கென்னடி தொலைக்காட்சியில் நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். தந்தையின் வரவுக்காகப் பிள்ளைகள் விழித்திருந்தார்கள். நள்ளிரவு கடந்து சிறிது நேரத்தில் கார் வந்து நின்றது. எதிர்ப்புறப் புதர்களுக்கு மறைவாக, காரின் மறுபக்கத்தால் இறங்குவதே அவர்கள் வகுத்திருந்த முறை. அன்று களைப்பு மிகுதி போலும். சாரதியின் பக்கத்தாலேயே இறங்கினார். புதருக்குள் இருந்து வந்த சன்னம் அவருடைய முதுகைத் துளைத்து, யன்னலையும் சுவரையும் ஊடுருவி, சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியில் மோதி விழுந்தது. சுவரில் அதன் வழியை வழிகாட்டி சுட்டிக் காட்டியபோது எவரும் பேசவில்லை. வாசலை நோக்கித் தவழ்ந்து வந்த எவர்ஸ், ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். வயது முப்பத்தேழு.

கணக்குப் பிழைத்தது என்று சொல்லிவிடலாமா? வெடி கேட்டதும் மூன்று பிள்ளைகளும் பழகியபடியே தரையில் வீழ்ந்தார்கள். மூத்தவர்கள் இளையவனையும் கூட்டிக்கொண்டு குளியலறைக்குச் சென்றார்கள். அவர்கள் உயிருடன் எழுந்து வந்தார்கள்.

கொலையாளி பைரன் டி லா பெக்வித் 1964 இல் இரு தடவை விசாரிக்கப்பட்டான். இரு தடவையும் வெள்ளை ஆடவர் மட்டுமே யூரிமாராக அமர்ந்தனர். அவர்கள் ஒருமுடிவுக்கு வராமையால் அவன் வெளியே நடமாடினான். மேர்லி விடவில்லை. 1994 இல், முப்பது ஆண்டுகள் கடந்த பின்னர், அவன் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. அதற்கு முந்திய ஆண்டிலே, வீட்டை ருகலூ கல்லூரிக்கு மேர்லி நன்கொடையாக வழங்கியிருந்தார். 2020 இல் அது தேசிய நினைவுச் சின்னமாயிற்று. அதன் பெயரில் கணவர், மனைவி இருவருமே இடம்பெற்றிருப்பது நியாயமே.

நான் ஊர் திரும்பியபோது தந்தையார் உயிருடன் இல்லை. முன்னறை யன்னல் எப்போதோ திறக்கப்பட்டுவிட்டது. ஆனால் சட்டத்தில் அவர் அடித்த ஆணிகளின் துளைகள் இருந்தன. அவற்றை அடைத்து வர்ணம் பூசவேண்டும் என்றார் அம்மா. அவை அப்படியே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். காரணம் கேட்டார். பதினைந்து வயதில் ஐயாவிடம் சொன்னதை அன்றுதான் அம்மாவிடம் சொன்னேன்.