எனக்கும் ஒரு வேலை, சாமி

பங்குப் பேரவைத் தேர்தல் நெருங்கும் நாள்களில் நம் அறையின் முன் கூட்டம் சற்று மிகுந்திருக்கும். செயலர் யார், பொருளாளர் யார், திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்பதே பேச்சு. பொறுப்பை நாடி வருவோரைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் இல்லையேல் கோயில் கூரை ஒழுகும். ஆனால், திருச்சபையில் ஒருவருக்குரிய பணி என்றதும் நாமும் அந்தப் பட்டியலையே எண்ணிப் பழகியிருந்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நாம் பங்குப் பணியாற்றிய காலம். தேர்தல் முடிந்த ஞாயிறன்று, இட்லி விற்றுப் பிழைக்கும் கைம்பெண் ஒருவர் பூசை முடிந்தும் போகாமல் நின்றார்.

"எனக்கும் ஒரு வேலை குடுங்க, சாமி" என்றார்.

வாசகம் படிக்க அவர் எழுத்தறியார். பாடற் குழுவுக்கேற்ற குரலும் இல்லை. "செபம் பண்ணுங்கள் அம்மா, அதைவிடப் பெரிய வேலை ஏது?" என்றோம். சொன்னது உண்மைதான். சொன்ன நோக்கமோ அவரை விரைவில் அனுப்பிவைப்பது. அவரும் அதை உணர்ந்திருப்பார் என்றே இப்போது தோன்றுகிறது.

2015ஆம் ஆண்டு நவம்பர் மழையில் சாலைகள் மூழ்கின. நாம் கிளைக் கிராமம் ஒன்றில் சிக்கிக்கொண்டோம். அன்றிரவு அவர் தெருவில் ஒரு குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. மருத்துவமனைக்குச் செல்ல வழியில்லை. நமக்கும் செய்தி எட்டவில்லை. குழந்தை மூச்சுத் திணறியபோது, தாயின் சம்மதத்தைக் கேட்டு, செம்பில் நீர் எடுத்துத் தலையில் ஊற்றி, மூவொரு இறைவனின் பெயரால் அப்பெண்மணியே திருமுழுக்கு அளித்திருக்கிறார். விடியுமுன் குழந்தை இறந்துவிட்டது.

மூன்றாம் நாள் திரும்பினோம். அச்சிறு குழிமேட்டில் செபித்துவிட்டு, "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும், அம்மா?" என்று கேட்டோம்.

"நீங்கதானே சாமி, ஒரு ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல சொன்னீங்க. ஆபத்துன்னா யார் வேணும்னாலும் ஞானஸ்நானம் குடுக்கலாம்னு."

நமக்கு அது நினைவிலேயே இல்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 861ஆம் எண் அது. குருமடத்தில் தேர்வுக்கெனப் படித்தோம். பொதுநிலையினர் பணி பற்றி வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ஏட்டையும் மேடைதோறும் விளக்கியிருக்கிறோம். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட நம் தேவசகாயம் இல்லறத்தார். 1745இல் வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெறுமுன் அவருக்கு விசுவாசத்தை எடுத்துரைத்தவரும் குரு அல்லர். டச்சுப் படையில் வந்து திருவிதாங்கூரில் சிறைப்பட்ட டிலனாய். இவ்வளவும் அறிந்திருந்த நாம்தாம், வேலை கேட்டு நின்றவருக்கு ஒன்றும் காணாது அனுப்பினோம்.

அன்று மாலை அவரை அழைத்து, திருமுழுக்குப் பதிவேட்டைத் திறந்தோம். திருமுழுக்கு அளித்தவர் என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாகக் குருக்களின் பெயர்கள். நம் பெயருக்குக் கீழே அவர் பெயரை எழுதிப் படித்துக் காட்டினோம்.

"என் பேரையா சாமி எழுதுனீங்க?" என்றார். பிறகு, மை காயும்வரை அந்தப் பக்கத்தின் அருகிலேயே நின்றிருந்தார்.