ரப்பர் யானையும் கடற்கன்னியும்

பூவார் பொழி. நெய்யாறு கடலில் சேரும் இடம். நடுவே மணல்திட்டு. படகுத்துறையில் ஓட்டுநர்கள் காத்திருக்கிறார்கள். அவர்களுக்குள் பேச்சு பாதி மலையாளம், பாதி தமிழ். பேரம் மட்டும் இந்தியில்.

படகு புறப்படுகிறது. ஓட்டுநர் கை நீட்டுகிறார். "ஆனப்பாறை." பயணிகள் பாறையில் துதிக்கையைத் தேடுகிறார்கள். கண்டவர்கள் படம் எடுக்கிறார்கள். காணாதவர்களும் எடுக்கிறார்கள்.

வடக்கே விழிஞ்ஞம். துறைமுகத்தில் கிரேன்கள். சீனத்தில் செய்தவை. 2023 அக்டோபரில் ஷென் ஹுவா 15 என்ற கப்பல் முதல் கிரேன்களைக் கொண்டுவருகிறது. கரையில் பந்தல், மேடை, அமைச்சர்கள். கப்பலின் சீன மாலுமிகள் இறங்க அனுமதிக்குக் காத்திருக்கிறார்கள். கிரேன்களும் இறங்காமல் காத்திருக்கின்றன.

இப்போது முற்றத்தில் கிரேன் நகர்கிறது. மேலே ஆள் இல்லை. கொள்கலனைத் தூக்குகிறது, வைக்கிறது, திரும்புகிறது. மறுபடி தூக்குகிறது. தள்ளி ஓர் அறையில் திரைகள். திரைகளின் முன் இளம்பெண்கள். மீனவர் வீட்டுப் பெண்களும் இவர்களில் உண்டு. 2022 ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை இதே துறைமுகத்தின் வாசலை மறித்து உட்கார்ந்திருந்தவர்களும் மீனவர்கள்தான்.

வெங்கானூர். சாவடிநடை பௌர்ணமிக்காவு கோயில். ரப்பர் யானை பலதாசன் நிற்கிறான். 3 மீட்டர் உயரம், 800 கிலோ. ரப்பர், ஃபைபர், இரும்பு, நுரை. 2024-இல் விலங்குரிமை அமைப்பான பீட்டா இந்தியா கொடுத்தது. திருச்சூர்ப் பக்கம் இன்னொரு ரப்பர் யானை, இரிஞ்ஞாடப்பிள்ளி ராமன், இவனுக்கு ஒரு வயது மூத்தவன்.

காது அசைகிறது. தலை அசைகிறது. வால் அசைகிறது. மீண்டும் காது. காலில் சங்கிலி இல்லை. காலடியில் சக்கரம். மதம் பிடிக்காது. பனையோலை கேட்காது. விசையை அழுத்தினால் துதிக்கை தண்ணீர் பீய்ச்சும்.

குழந்தை பின்வாங்குகிறது. அப்பா முன்னே தள்ளுகிறார். ஒரு பாட்டி கும்பிடுகிறார். துதிக்கையைத் தொட்டுப் பார்க்கிறார். கையை முகர்ந்து பார்க்கிறார். யோசித்துவிட்டு இன்னொரு தடவை கும்பிடுகிறார்.

சாலை. கம்பத்தில் ஏஐ கேமரா. கேரளம் முழுக்க 726 கேமராக்கள். 2023 ஜூன் 5 முதல் அபராதம். தலையில் ஹெல்மெட் இல்லையென்றால் 500 ரூபாய். பைக்கில் வருபவர் கைப்பிடியில் தொங்கும் ஹெல்மெட்டை எடுத்து மாட்டுகிறார். கம்பம் கடக்கிறது. ஹெல்மெட் கைப்பிடிக்குத் திரும்புகிறது.

தலைநகரம். காவல்துறைத் தலைமையகம், 2019 பிப்ரவரி. வரவேற்பிடத்தில் கேபி-பாட் என்ற ரோபோ. பெண் உருவம். சப்-இன்ஸ்பெக்டர் பதவி. பி.எஸ்.சி. தேர்வு எழுதாமல், ரேங்க் பட்டியலில் காத்திருக்காமல் கிடைத்த பதவி. முதல்வர் பினராயி விஜயன் வருகிறார். இயந்திரக் கை நெற்றிக்கு ஏறுகிறது. சல்யூட். சுற்றிலும் கேமராக்கள்.

சங்குமுகம். மணலோரம் கடற்கன்னி படுத்திருக்கிறாள். 87 அடி நீளம். கானாயி குஞ்ஞிராமன் 1992-இல் முடித்த சிற்பம். அசையாது. எதையும் பதிவு செய்யாது.

2020-இல் பக்கத்தில் ஒரு ஹெலிகாப்டர் வந்து நிற்கிறது. விமானப்படையில் ஓய்வு பெற்றது. அடியில் பீடம். குடும்பங்கள் அதன் முன்னால் வரிசையாக நிற்கின்றன. படத்தில் கன்னியின் தோள் மட்டும் விழுகிறது. சில படங்களில் அதுவும் இல்லை.

சிற்பி எதிர்ப்புச் சொல்கிறார். ஹெலிகாப்டரை அகற்றச் சொல்கிறார்.

2022-இல் மாநில அரசு அவருக்குக் கேரளஸ்ரீ விருதை அறிவிக்கிறது. தன் சிற்பங்களுக்கு நேர்ந்ததைச் சரிசெய்யாமல் விருது வேண்டாம் என்கிறார் கானாயி.