விட்பியின் 199 படிகள்

விட்பி என்றாலே எனக்கு டிராகுலாதான். 1897இல் வந்த நாவலில் கப்பல் கரை தட்டியதும் பெரிய நாய் ஒன்று குதித்துக் குன்றை நோக்கி ஓடும். அந்தக் குன்றைப் பார்க்கத்தான் அம்மாவை யார்க்‌ஷயர் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். அவளுக்குப் பேயெல்லாம் பொருட்டில்லை. முழங்கால்தான் பிரச்சினை.

எஸ்க் ஆறு கடலில் சேரும் இடத்தில் துறைமுகம். அதன் கிழக்குப் பக்கம், செயின்ட் மேரி தேவாலயத்துக்கு ஏற 199 படிகள். வருகிறவர்கள் எண்ணிக்கொண்டே ஏறுகிறார்கள். நானும் எண்ணினேன், தொழில் புத்தி. பாதியில் அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்தப் புண்ணியவான் போட்டானோ!"

ஒரு காலத்தில் மேலே கல்லறைக்குச் சவப்பெட்டி தூக்கிப்போனவர்கள் இறக்கிவைத்து இளைப்பாறிய இடம் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை.

"சுமைதாங்கின்னு சொல்லு."

கீழே மீன்பிடிப் படகுகள். யாருடைய சிப்ஸுக்கோ கடற்பறவைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"அப்பாவத் தூக்குறப்ப நீ போன்லதான் பாத்த. எனக்காவது நேர்ல வந்துருடா."

"என்னம்மா பேச்சு இது."

கையை நீட்டினாள். தூக்கிவிட்டேன்.

"எத்தன படி ஆச்சு?"

எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது.