உயிரோடு இருப்பதற்கு ஒரு பிரமாணம்

நவம்பர் வந்தால் ஓய்வூதியர்களான நம்மில் பலருக்கும் ஒரு வேலை உண்டு. நாம் உயிரோடு இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டும். 2014 நவம்பரில் மத்திய அரசு இதற்கென்று கொண்டுவந்த மின்னணுச் சான்றுக்கு ‘ஜீவன் பிரமாண்’ என்று பெயர். பிரமாணம் என்பது நம் தர்க்க நூல்களின் தலையாய சொல். ஒன்றை அறிந்தேன் என்று சொல்ல எது ஆதாரமோ அதுவே பிரமாணம்; தமிழில் அளவை.

நான் இருக்கிறேனா என்ற கேள்வியை பிரெஞ்சு தத்துவ அறிஞர் ரெனே தெகார்த் 1641-இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்கொண்டார். புலன்கள் ஏமாற்றலாம், எல்லாமே கனவாகவும் இருக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்தார். ஆனால் சந்தேகப்பட ஒருவன் இருந்தாக வேண்டுமே! அது மட்டும் அசையாமல் நின்றது. அருமையான வாதம். ஆனால் கவுன்டரில் போய், “சந்தேகப்படுகிறேன், ஆகவே இருக்கிறேன், பென்ஷனைப் போடுங்கள்” என்றால் நடக்குமா? அந்த நிச்சயம் எனக்கு மட்டுமே உதவும். அடுத்தவர் என்னை அறிய வேறு அளவை வேண்டும்.

நியாய சாத்திரம் நான்கு அளவைகளை ஏற்கிறது: காட்சி, அனுமானம், உவமானம், நம்பத்தக்கவர் சொல். காட்சி ஒன்றே போதும் என்றவர்கள் சார்வாகர்கள். மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி நகரத்துப் பூதவாதியும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறான். அனுமானம் இல்லாமல் உன் தாய் தந்தையரை எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை அவனை மடக்குகிறாள்.

சரி, சந்தேகம் எங்கேதான் முடியும்? சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நையாயிகர் உதயனர் சொன்ன பதில் எனக்குப் பிடிக்கும். ஒருவனுடைய நடத்தையே அவனுடைய சந்தேகத்தைப் பொய்யாக்கும் இடம்தான் அதன் எல்லை. புகைக்கு நெருப்பு காரணமா என்று வாதாடுகிறவனும், புகை வேண்டுமென்றால் நெருப்பைத்தானே மூட்டுகிறான்?

பல வருடம் வங்கிக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் நான். ஒரே ஆள் போட்டாலும் இரண்டு கையெழுத்து அச்சாக ஒன்றாக இராது. நூற்றுக்கு நூறு நிச்சயம் வேண்டுமென்றால் ஒரு காசோலையும் பாஸ் ஆகாது. சந்தேகமே வேண்டாமென்றால் யாரோ ஒருவர் பணம் பறிபோகும். பெரியவர் ஒருவர் கை நடுங்கிக் கையெழுத்திட்டிருந்தால், எதிரில் உட்காரவைத்து இரண்டு வார்த்தை பேசி, இன்னொரு முறை போடச் சொல்லி முடிவு செய்வோம். சந்தேகத்துக்குக் காரணம் வேண்டும். காரணம் தீர்ந்தால் சந்தேகமும் தீர வேண்டும்.

இன்று நம்மில் பலருக்கு விரல் ரேகை தேய்ந்துவிட்டது. ஆள் எதிரே நிற்கிறார், இயந்திரம் ‘இல்லை’ என்கிறது. குடும்ப ஓய்வூதியம் ஒன்றையே நம்பியிருக்கும் அம்மாவுக்கு அது தத்துவ விசாரம் அல்ல. அடுத்த மாத மருந்து, அரிசி.

ஆகவே ரேகை விழவில்லை என்று யாரும் திரும்பி வந்துவிடாதீர்கள். முகத்தைப் படம்பிடித்துச் சான்று பெறும் வசதி 2021 முதல் இருக்கிறது. நேரில் போய்ப் படிவத்தில் கையெழுத்திடும் பழைய வழியும் இருக்கிறது. ஓர் அளவை கைவிட்டால் அடுத்த அளவையைக் கேட்டு வாங்குங்கள்.