வெயிலை அளந்த மாணவி

சிங்கப்பூருக்கு வெயில் புதியதன்று. ஆனால், அந்த வெயில் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருவதைப் பதிவேடுகள் காட்டுகின்றன. 1948ஆம் ஆண்டுக்கும் 2016ஆம் ஆண்டுக்கும் இடையில் இத்தீவின் சராசரி வெப்பநிலை பத்தாண்டுக்கு 0.25 டிகிரி செல்சியஸ் வீதம் உயர்ந்துள்ளது. 2023ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1983இல், தெங்காவில் பதிவான உச்ச அளவை அது எட்டிப் பிடித்தது. இத்தகைய எண்களைப் பாடநூலில் படித்துவிட்டுக் கடந்து செல்வது எளிது. அவற்றின் பின்னே யாருடைய உழைப்பும் உடல்நலமும் இருக்கின்றன என்பதை ஈசூனில் வசிக்கும் உயர்நிலை மூன்று மாணவி ஒருத்தி தன் புவியியல் திட்டப்பணியின்போது அறிந்துகொண்டாள்.

‘பருவநிலை மாற்றமும் நம் வட்டாரமும்’ என்பது திட்டப்பணியின் தலைப்பு. அவளுடைய குழுவில் மூன்று பேர். வேலையைச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில், உருகும் பனிப்பாறையையும் அதன்மேல் தனியாக நிற்கும் பனிக்கரடியையும் வைத்து அவர்கள் ஒரு சுவரொட்டி தயாரித்தார்கள். ஆசிரியர் அதைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“படம் நன்றாக இருக்கிறது. ஆனால், தலைப்பில் ‘நம் வட்டாரம்’ என்று இருக்கிறதே! ஈசூனில் பனிக்கரடியை எங்கே பார்த்தீர்கள்?” என்று கேட்டார்.

வகுப்பே சிரித்தது. பிறகு ஆசிரியர், “வீட்டைச் சுற்றி எங்கே வெப்பம் அதிகம், எங்கே குறைவு என்று அளந்து பாருங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம்” என்று வழி காட்டினார்.

குழுவினர் பள்ளி ஆய்வுக்கூடத்திலிருந்து மூன்று வெப்பமானிகளை வாங்கினார்கள். முதலில் மூன்றையும் ஒரே இடத்தில் வைத்து, ஒரே அளவைக் காட்டுகின்றனவா என்று சோதித்தார்கள். பிறகு அளப்பதற்கு மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்: திறந்தவெளிக் கார் நிறுத்துமிடம், அதன் அருகில் கிளை விரித்து நிற்கும் மழைமரத்தின் அடி, புளோக்கின் கீழ்த்தளம். வெயில் நேரடியாகப் பட்டால் வெப்பமானி காற்றின் வெப்பத்தைக் காட்டாது. தான் சூடேறியதையே காட்டும். எனவே, ஓர் அட்டையால் அதற்கு நிழல் கொடுத்து, நெஞ்சளவு உயரத்தில் பிடித்து, ஐந்து நிமிடம் காத்திருந்து அளவைக் குறித்தார்கள். காலை ஏழு மணி, பிற்பகல் இரண்டு மணி, இரவு ஒன்பது மணி என இரண்டு வாரங்கள் இந்தப் பணி தொடர்ந்தது.

பிற்பகலில் கார் நிறுத்துமிடத்தில்தான் வெப்பம் அதிகமாக இருந்தது. மழைமரத்தடியில் அளவு குறைந்திருந்தது. மரம் நிழல் தருவதோடு நின்றுவிடுவதில்லை; இலைகளின் வழியாக நீராவியையும் வெளியிடுகிறது. நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் காற்று குளிர்கிறது. இது அவள் அறிவியல் பாடத்தில் படித்ததுதான்.

அவளை வியக்க வைத்தது இரவு நேரத்து அளவு. கதிரவன் மறைந்து இரண்டு மணி நேரம் ஆன பிறகும் கார் நிறுத்துமிடத்தின் தரை கதகதப்பாகவே இருந்தது. தாரும் சிமெண்டும் பகலில் வாங்கிய வெப்பத்தைச் சேமித்து வைத்து, இரவில் மெல்ல மெல்ல வெளியிடுகின்றன. புளோக்கின் பின்புறம் நடந்தபோது குளிரூட்டிகளின் வெளிப்பெட்டிகளிலிருந்து வெந்த காற்று முகத்தில் அடித்தது. இவ்வாறு கட்டடங்களும் சாலைகளும் இயந்திரங்களும் சேர்ந்து, புறநகரைவிட நகரத்தைச் சூடாக வைத்திருப்பதை ‘நகர்ப்புற வெப்பத்தீவு’ என்பார்கள். உலகம் முழுவதும் கூடிவரும் வெப்பம் ஒரு பக்கம். நகரம் தானே உண்டாக்கிக்கொள்ளும் வெப்பம் மறுபக்கம். சிங்கப்பூரில் வாழ்வோர் இரண்டையும் தாங்க வேண்டியிருக்கிறது.

திட்டப்பணிக்கு ஒருவரை நேர்காணல் செய்ய வேண்டும் என்பது விதி. அவள் தன் அப்பாவையே தேர்ந்தெடுத்தாள். அவர் பதினைந்து ஆண்டுகளாகச் சாலைப் பராமரிப்புப் பணியில் இருப்பவர். இப்போது ஒரு குழுவுக்கு மேற்பார்வையாளர். மாலையில் வீடு திரும்பியதும் சற்று நேரம் யாரிடமும் பேசாமல் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பார். அது அவருடைய வழக்கம் என்றே அவள் அதுவரை நினைத்திருந்தாள்.

“தார் போடுற அன்னைக்கு மேலேயும் சூடு, கீழேயும் சூடு. வெயிலைக்கூடத் தாங்கிக்கலாம்மா. மழை பெஞ்சு ஓஞ்சதும் ஒரு புழுக்கம் வரும் பாரு, அதுதான் ஆளைச் சாய்ச்சிடும்” என்றார் அப்பா.

அவள் தன் குறிப்பேட்டைப் புரட்டினாள். மழை பெய்து ஓய்ந்த நாளில் வெப்பமானி காட்டிய அளவு மற்ற நாள்களைவிடக் குறைவு. பிறகு ஏன் அன்று மட்டும் உடல் அதிகமாக வாடுகிறது? மறுநாள் ஆசிரியரிடம் கேட்டபோது விடை கிடைத்தது. நம் உடல் வியர்வையை ஆவியாக்கித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை எளிதில் ஆவியாகாது. உடலின் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். அதனால், வெளிப்புற வேலைக்கு வெப்பமானியின் அளவு மட்டும் போதாது. வெயில், ஈரப்பதம், காற்று ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அழுத்த அளவு ஒன்று உண்டு. அதை ‘டபிள்யூ.பி.ஜி.டி.’ என்று சுருக்கமாகக் குறிப்பிடுவார்கள். 2023ஆம் ஆண்டு அக்டோபரில் மனிதவள அமைச்சு இதனை அடிப்படையாகக் கொண்டு விதிகளைக் கடுமையாக்கியது. இவ்வளவு 32 டிகிரியை எட்டினால், கடும் உடலுழைப்பில் ஈடுபடுவோருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும்; 33 டிகிரியை எட்டினால் 15 நிமிடம் தர வேண்டும்.

“ஓய்வு கொடுக்கிறாங்களா அப்பா?” என்று அவள் கேட்டாள்.

“கொடுக்கிறோம்மா. ஆனா, புதுசா வந்த பிள்ளைங்க தலை சுத்துனாலும் வெளியே சொல்றதில்ல. சோம்பேறின்னு நினைச்சிடுவாங்களோன்னு பயம். அதுதான் எனக்குக் கவலை.”

அப்பாவின் இந்தச் சொற்களை அவள் அப்படியே எழுதிக்கொண்டாள்.

வகுப்பில் குழுக்கள் தங்கள் கண்டுபிடிப்புகளைப் பகிர்ந்துகொண்ட நாளில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. “உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் சிங்கப்பூரின் பங்கு ஏறக்குறைய 0.1 விழுக்காடுதான். நாம் என்ன செய்தாலும் என்ன மாறிவிடப் போகிறது?” என்று ஒரு மாணவன் கேட்டான். கேள்வி நியாயமானதாகவே பட்டது. யாராலும் உடனே மறுமொழி சொல்ல முடியவில்லை.

அவள் வீட்டுக்குச் சென்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். உலக மக்கள்தொகை 8 பில்லியனுக்கும் மேல். சிங்கப்பூரில் வாழ்வோர் ஏறக்குறைய 6 மில்லியன். அப்படியானால், மக்கள்தொகையில் சிங்கப்பூரின் பங்கு 0.1 விழுக்காட்டைவிடக் குறைவு, ஏறத்தாழ 0.07 விழுக்காடு. ஆகவே, நாம் வெளியிடும் வாயுவின் பங்கு நம் தலைக்கணக்கைவிடக் கூடுதல். ‘எங்கள் பங்கு சிறியது’ என்று சொல்லும் நாடுகள் உலகில் பல உள்ளன. அவை எல்லாம் ஒதுங்கிக்கொண்டால் மிச்சமிருப்பவர்கள் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? அடுத்த பாடவேளையில் அவள் இக்கணக்கை வெண்பலகையில் எழுதிக் காட்டினாள். கேள்வி கேட்ட மாணவன் முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும், அக்கணக்கைத் தன் ஏட்டில் குறித்துக்கொண்டான்.

அதன் பிறகு குழுவினர் தீர்வுகளைத் தேடினார்கள். அவை இரு வகைப்படும் என்பது தெளிவாயிற்று. வெப்பத்தை உண்டாக்கும் வாயுக்களைக் குறைப்பது ஒரு வகை. சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. அதைக் குறைப்பதற்கான முயற்சிகளுள் ஒன்று, தெங்கே நீர்த்தேக்கத்தின்மேல் 2021ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மிதக்கும் சூரியசக்தி நிலையம். நிலம் குறைந்த நாட்டில் 122,000 தகடுகளை நீரின்மேல் பரப்பியிருக்கிறார்கள். பேரளவில் வாயுக்களை வெளியிடும் ஆலைகளுக்குக் கரிம வரியும் உண்டு. 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கிய அவ்வரி, 2024இல் 25 வெள்ளியாக உயர்ந்தது.

ஏற்கெனவே வந்துவிட்ட வெப்பத்தோடு வாழக் கற்றுக்கொள்வது மற்றொரு வகை. 2020இல் தொடங்கிய, பத்து லட்சம் மரங்களை நடும் இயக்கமும், தெம்பனிஸில் சில புளோக்குகளின் சுவர்களுக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் சாயம் பூசிப் பார்த்த முயற்சியும் இவ்வகையைச் சேர்ந்தவை. நட்ட கன்று நிழல் தரப் பல ஆண்டுகள் ஆகும். வாயுக்களை இன்றே குறைத்தாலும் வெப்பம் உடனே தணியாது. எனவே, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. இரண்டும் ஒருசேர நடக்க வேண்டும் என்று குழுவினர் தங்கள் அறிக்கையில் எழுதினார்கள்.

அறிக்கையில் இடம்பெறாத ஒரு பேச்சு அவளுடைய வீட்டில் நடந்தது. தேர்வுக்குப் படிக்கத் தன் அறைக்குக் குளிரூட்டி வேண்டும் என்று அவள் பல மாதங்களாகக் கேட்டு வந்தாள். பாட்டியோ இரவில் புழுக்கம் தாங்காமல் விழித்திருப்பார். “எனக்கு எதுக்கு அதெல்லாம்? பிள்ளை படிக்கிறதுக்கு வாங்கிக் கொடுங்க” என்பார்.

“பாட்டி அறைக்கு வாங்கலாம் அம்மா. வயதானவர்களின் உடலால் வெப்பத்தைச் சமாளிக்க முடியாதாம். நான் சாலையோரம் இருக்கும் நூலகத்தில் படித்துக்கொள்கிறேன்” என்றாள் அவள்.

அம்மா அவளைச் சற்று நேரம் பார்த்தார். கடையில் குறைந்த மின்சாரத்தில் இயங்கும், ஐந்து குறி பெற்ற குளிரூட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதை 25 டிகிரியில் வைத்து, மின்விசிறியையும் சேர்த்துப் போடுவது என்று முடிவாயிற்று. குளிரூட்டி வெளியே தள்ளும் சூடு எங்கே போகிறது என்பதை அவள் அறிவாள். ஆனால், வெப்பத்தால் துன்பப்படுபவரைக் காப்பதும் தீர்வின் ஒரு பகுதிதானே!

குழுவினர் தங்கள் அளவு அட்டவணையை நகர மன்றத்துக்கும் அனுப்பினார்கள். கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் வெயிலில் கிடக்கும் இருக்கைகளுக்கு அருகில் மரம் நட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது.

திட்டப்பணி முடிந்து மதிப்பெண்ணும் வந்துவிட்டது. ஒரு நாள் மாலை அப்பா, “எங்க ஆளுங்களுக்குத் தமிழ்ல ஒரு அட்டை எழுதித் தர்றியாம்மா?” என்று கேட்டார். அவள் மிகுந்த கவனத்தோடு எழுதினாள். ‘வெப்ப அழுத்தத்தின் அறிகுறிகளும் தற்காப்பு நடவடிக்கைகளும்’ என்று தொடங்கியது அந்த அட்டை. அப்பா படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“தமிழ் நல்லா இருக்கு. ஆனா, வெயில்ல நிக்கிறவன் இவ்வளவு நீளமாப் படிக்க மாட்டான். அவன்கிட்டப் பேசுற மாதிரி எழுதும்மா.”

அவள் மறுபடியும் எழுதினாள்:

தலை சுத்துதா? வேலையை நிறுத்து. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்.
நிழலுக்குப் போ. தண்ணீர் குடி.
நண்பர் மயங்கினால் 995ஐ அழை.
ஓய்வு எடுப்பது சோம்பல் இல்லை.

கடைசி வரியைப் படித்த அப்பா, அதன் கீழே ஒரு கோடு போட்டார். அடுத்த வாரம் அந்த அட்டை பணியிடத்தின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒட்டப்பட்டது. பங்ளாதேஷிலிருந்து வந்த ஊழியர் ஒருவர், ஒவ்வொரு வரிக்கும் அடியில் அதே செய்தியை வங்காள மொழியில் தம் கையாலேயே எழுதிச் சேர்த்தார்.