ஜவ்வாது மலையடிவாரத்தில் டயர் மாற்றுகிறவர்கள்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் வழியில் மூட்டை கட்டிய 100 சிசி வண்டிகளை நாள் முழுக்கப் பார்க்கலாம். தார்ச் சாலையை விட்டு ஊருக்குள் பிரிந்தால் பல இடங்களில் ஜல்லியும் செம்மண்ணும்தான். அடிவாரத்துப் பஞ்சர் கடைகளில் டயர் மாற்ற வருகிறவர்கள் பலரும் கேட்பது, இதைவிடப் பெரிய சைஸ் போட முடியுமா என்பதைத்தான். அங்கே கழற்றிப் பூட்டுகிறவர்களின் வேலையைக் கவனித்தபின் எனக்குத் தோன்றுவது இது: பாதிச் சாலை, பாதிக் கல் என்று ஓடும் வண்டிக்கு அகலத்தைக் கூட்டுவதால் கிடைப்பது கொஞ்சம்தான். பார்க்க வேண்டியவை ரிம்மின் அகலமும் டயர் தாங்கும் சுமையும்.

ஹீரோ ஸ்பிளெண்டரின் இரு சக்கரங்களிலும் 80/100-18 டயர். அகலம் 80 மி.மீ., பக்கச்சுவரும் அதே உயரம், ரிம் 18 அங்குலம். அதற்குப் பதில் 90/90-18 போட்டால் கணக்குப்படி மொத்த விட்டம் 2 மி.மீ. மட்டுமே கூடும். 100/90-18 என்றால் 20 மி.மீ. கூடிவிடும், மட்கார்டு, செயின் பக்கம் இடைவெளி குறையும், மழைக்காலச் சேறு அங்கே அடைத்துக்கொள்ளும். ரிம்மும் ஒத்துழைக்க வேண்டும். 90/90-க்குக் குறைந்தது 1.85, 100/90-க்கு 2.15 அங்குல ரிம் தேவை. ஒல்லியான ரிம்மில் பெரிய டயரை ஏற்றினால் அதன் இரு ஓரமும் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி கூம்பிவிடும். தரையில் படும் இடம் குறையும், நடுவில் மட்டும் தேயும். காசு கொடுத்து வாங்கிய அகலம் சாலையைத் தொடுவதே இல்லை. விவரமான தொழிலாளி டயரைத் தேடுமுன் துணியால் ரிம்மைத் துடைத்து அதில் அடித்திருக்கும் எண்ணைப் படிப்பது இதனால்தான்.

மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு இதைவிட முக்கியமானது சுமை எண். ஸ்பிளெண்டரின் முன் டயரில் 47, பின் டயரில் 54 என்று இருக்கும். சைஸ் ஒன்றுதான், ஆனால் 47 தாங்குவது 175 கிலோ, 54 தாங்குவது 212 கிலோ. கடையில் கிடைக்கும் 90/90-18 டயர்கள் பலவற்றில் 51, அதாவது 195 கிலோ. பெரிய டயர் என்று நம்பி மாற்றியவர் 17 கிலோ தாங்கும் திறனை இழக்கிறார். மலைப்பாதையில் இது சின்ன விஷயமல்ல.

அகல டயர் கல்லில் நன்றாகப் பிடிக்குமே என்பார்கள். ஆழமான மணலில் அது உண்மை, புதையாமல் மிதக்கும். இங்கே இருப்பதோ கெட்டித் தரைமேல் உதிரி ஜல்லி. ஒல்லியான முன் டயர் அதை விலக்கிக்கொண்டு அடித்தரையைப் பிடிக்கிறது. கரடு வழிக்கென்றே வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனின் முன் டயரும் 90/90-21தான். அங்கே கூட்டப்பட்டது விட்டம். காற்றைக் குறைத்தால் பிடிப்பு வரும் என்பதும் ஓரளவு சரி. ஆனால் டியூப் போட்ட சக்கரத்தில் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். டியூபைத் தண்ணீரில் முக்கியதுமே, இது ஆணி இல்லை, காற்றுக் குறைவு என்று இவர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

அப்படியானால் பட்டன் டயரா? தினமும் ஓடும் தூரத்தில் தார் அதிகமென்றால், இடைவெளி விட்ட பெரிய பட்டன்கள் சீக்கிரம் தேயும், ஈரத்தில் பிரேக் பிடிக்கையில் வழுக்கும். நடுவில் நெருங்கியும் ஓரத்தில் விலகியும் பட்டன் உள்ளதை, பழைய சைஸிலேயே, பின்னால் 54 எண்ணோடு வாங்குவதே நல்லது. கூடவே புது டியூபும் வேண்டும். ஓடி ஓடி விரிந்துபோன பழைய டியூப் புது டயருக்குள் மடிந்து, அந்த மடிப்பிலேயே கிழியும். டியூப் விலையை மிச்சம் பிடிக்கப் பார்க்கும் வாடிக்கையாளரிடம் இந்தத் தொழிலாளிகள் மல்லுக்கட்டுவது விற்பனைக்காக மட்டுமல்ல.