கசிந்த ரேடியேட்டரும் இரண்டு கரண்டி மஞ்சளும்

காரின் முகப்பிலேயே அமர்ந்திருந்தும், கசியத் தொடங்கும் நாள்வரை உரியவர் கண்ணிற் படாத உறுப்பு ரேடியேட்டர். எஞ்சினின் வெப்பத்தைச் சுமந்து வரும் நீர், இங்கே அதனைக் காற்றிடம் ஒப்படைத்துவிட்டு மீண்டும் சுமக்கச் செல்கின்றது. 1901-ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் வண்டிக்கென வில்லெம் மேபாக் அமைத்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. அத்தனையும் இந்த ஒரு கைமாற்றத்திற்காகவே!

லிங்கராஜபுரத்தில் எம் வீட்டு வாயிலில் நிற்கும் பழைய மாருதி 800-இன் அடியில் ஒரு வியாழன் காலை பச்சை நீர் தேங்கியிருக்கக் கண்டோம். வேறொரு வாரமாயின் பொறுத்திருப்போம். ஞாயிறன்று சேலம் சென்று, 78 வயதான எம் அன்னையாரைக் கண் அறுவைக்கு அழைத்து வர வேண்டும். போகும்போது தொப்பூர்க் கணவாய் இறக்கம், வரும்போதோ ஏற்றம். அங்கே எஞ்சின் கொதித்தால் சிலிண்டர் ஹெட் வளைவது ஒருபுறமிருக்க, முதியவரை வெயிலில் சாலையோரம் நிறுத்த நேரும்.

எதிர்வீட்டுப் பெரியவர் முப்பதாண்டுகள் லாரி ஓட்டியவர். குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, ரெண்டு கரண்டி மஞ்சத்தூள் போடுங்க. சேலம் போய்த் திரும்பிடலாம்" என்றார். நகைப்பதற்குரிய வைத்தியமன்று இது. தூள் நீரோடு சுழன்று ஓட்டையில் சென்று படிந்து அடைத்துக்கொள்ளும். நம் நாட்டு ஓட்டுநர் எத்தனையோ பேரை நடுக்காட்டிலிருந்து ஊர் சேர்த்த மருந்து அது. ஆயின், ஓட்டையை அடைக்கும் மஞ்சள் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். அலுவலக மொழியிற் சொன்னால், அது இடைக்கால ஆணை மட்டுமே. மலையேற்றத்திற்கு அது போதாதென யாம் கருதினோம்.

அம்பாசிடர் காலத்து ரேடியேட்டர் பித்தளையும் செம்பும். வாய்களை அடைத்துக் காற்றேற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினால், குமிழி கிளம்பும் இடமே ஓட்டை; ஈயப்பற்று வைத்தால் தீர்ந்தது. எம் வண்டியிலோ அலுமினியக் கூட்டின் தலையில் பிளாஸ்டிக் தொட்டி. இரண்டும் சேரும் மடிப்பில் கசிவு. பிளாஸ்டிக்கில் ஈயம் ஒட்டுமோ? ஜே.சி. ரோட்டில் புதியதொன்றை வாங்கி, வெள்ளியன்று தற்செயல் விடுப்பெடுத்தோம்.

எஞ்சின் முழுதும் ஆறிய பின்னரே மூடியில் கை வைத்தல் வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலுள்ள பெங்களூரில் திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடியோ, குக்கரைப் போல் அழுத்தங் காத்து, 100 டிகிரிக்கு மேலும் கொதியாது அடக்கி வைக்கின்றது. சூட்டில் திறந்தால் அந்த அழுத்தம் நீங்கி, நீர் நொடியிற் பொங்கி முகத்தில் பாயும்.

பச்சை நீரைத் தெருவில் விடாமல் பேசினில் பிடித்து மூடி வைத்தோம். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நக்கும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்லும். எம் தெருவில் நாய்களுக்கும் குழந்தைகளுக்கும் குறைவில்லை.

பின்பு பாட்டரிக் கம்பியைக் கழற்றி, மேல் கீழ் ஹோஸ்களையும் விசிறியின் இணைப்பையும் விடுவித்துப் பழையதை வெளியே எடுத்தோம். புதியதைப் பொருத்தும் வேலையில் சொல்லுதற்கு அதிகமில்லை. நிரப்பும்போது, "குழாய்த் தண்ணீர் போதாதா?" என்றான் மகன். ஆழ்துளைக் கிணற்று நீர் வெந்நீர்ப் பாத்திரத்தில் படியவிடும் வெள்ளைப் படலத்தைக் காட்டினோம். கூலண்டுடன் காய்ச்சி வடித்த நீரையே சேர்த்து, மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டோம். உள்ளிருந்த காற்று குமிழி குமிழியாய் வெளியேறிற்று. நீர்மட்டம் தாழத்தாழ ஊற்றினோம். விசிறி தானே சுழன்று நின்றது. அடியில் விரித்த செய்தித்தாள் மறுநாட் காலையும் உலர்ந்தே கிடந்தது. பெரியவரும் வந்து தொட்டுப் பார்த்தார்.

ஞாயிறு மாலை தொப்பூர் ஏற்றத்தில், கனத்த லாரிகளின் பின்னே ஊர்ந்தபோதும் வெப்பமானியின் முள் பாதியைத் தாண்டவில்லை. அன்னையார் பின்னிருக்கையில் உறங்கிவிட்டிருந்தார்.